மூட்டை இரண்டு மடங்கு, பணம் மூன்று மடங்கு

கேள்வி: நன்னிலம் பக்கம் எங்கள் அப்பா நெல் வாங்கி விற்கிறார். நான் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்துவிட்டு அவருக்கு உதவியாக இருக்கிறேன். அவருடைய பேரேட்டைக் கணினியில் ஏற்ற ஸாம்ப் என்ற மென்பொருள் தொகுப்பைப் போட்டு, அதில் வரும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் விவசாயி, கொள்முதல், பட்டுவாடா என்று மூன்று டேபிள் வைத்திருக்கிறேன். பாக்கி பார்க்க மூன்றையும் ஜாயின் செய்தால் (இணைத்துக் கேட்டால்) கணக்கு உதைக்கிறது. ஒருவருக்கு நோட்டில் 90 மூட்டை, கணினியில் 180. கொடுத்த பணம் 65,000 ரூபாய், கணினியில் 1,95,000. சிலருக்குச் சரியாக வருகிறது, சிலர் பெயரே வருவதில்லை. இப்போதைக்கு மூட்டையை இரண்டால் வகுத்துக் காட்டுகிறேன். எக்ஸெல்லில் இருந்து ஏற்றிய பெயர்கள் பாதி கேள்விக்குறியாக நிற்கின்றன. ஊர்வாரியாகக் கூட்டினால் ஸ்ரீவாஞ்சியம் இரண்டு தடவை வருகிறது. எடைமேடைக் கணினி ஒருநாள் சர்வரோடு சேர்கிறது, கரண்ட் போய் வந்தால் 2003 என்று பிழை சொல்கிறது. போன வாரம் கரண்ட் போனபோது மைஎஸ்க்யூஎல்லே எழவில்லை. மூன்றாவது முயற்சியில்தான் எழுந்தது. ஒரு வீடியோவில் ஐபிடேட்டா1 என்ற ஃபைலை அழித்தால் சரியாகும் என்றார்கள். அழிக்கலாமா? அப்பா "நோட்டே போதும்" என்கிறார்.

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில். அழிக்காதீர்கள். அந்த ஃபைலுக்குள்தான் எந்த டேபிள் எங்கே இருக்கிறது என்ற விவரம் இருக்கிறது. அதை அழித்துவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மைஎஸ்க்யூஎல் சமர்த்தாக எழுந்துவிடலாம், பச்சை விளக்கும் எரியலாம். வீடியோக்காரர் அதோடு முடித்துக்கொள்வார். நீங்கள் உள்ளே போய்ப் பார்த்தால் டேபிள் பெயர்கள் இடப்பக்கம் வரிசையாக இருக்கும். தொட்டால் 'எஞ்சினில் அப்படி ஒரு டேபிள் இல்லை' என்று சொல்லும். அங்கிருந்து மீட்பது பெரிய வேலை.

அடுத்த முறை எழவில்லை என்றால் எதையும் தொடுவதற்கு முன் மைஎஸ்க்யூஎல் ஃபோல்டருக்குள் இருக்கும் டேட்டா ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் காப்பி எடுங்கள். பிறகு அதே ஃபோல்டரில் இருக்கும் எரர் லாக் ஃபைலை நோட்பேடில் திறந்து கடைசி இருபது வரியைப் படியுங்கள். 3306 என்ற போர்ட்டை (மைஎஸ்க்யூஎல்லின் இணைப்பு வாசலை) வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. முன்பு எப்போதோ தனியாகப் போட்ட இன்னொரு மைஎஸ்க்யூஎல், விண்டோஸ் சர்வீஸாக ஓடிக்கொண்டிருக்கும். அதை நிறுத்தினால் போதும். இன்னோடிபி (டேபிள்களைச் சேமிக்கும் எஞ்சின்) ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று இருந்தால் மை.ஐஎன்ஐ என்ற அமைப்பு ஃபைலில் இன்னோடிபி ஃபோர்ஸ் ரெகவரி என்ற அமைப்பை 1 என்று வைத்து எழுப்பிப் பாருங்கள். எழவில்லை என்றால் 2, அப்புறம் 3. எழுந்தவுடன் டம்ப் எடுத்து (எல்லாத் தரவையும் ஒரு ஃபைலாக எழுதி வாங்கி)ப் புதிதாகக் கட்டுங்கள். 4 அல்லது அதற்கு மேல் போனால் மிச்சம் இருப்பதும் நிரந்தரமாகக் கெடலாம். அதனால்தான் முதலில் காப்பி.

இன்னொன்று. நீங்கள் மைஎஸ்க்யூஎல் என்கிறீர்கள். ஸாம்ப் 2015-லிருந்து, மைஎஸ்க்யூஎல்லில் இருந்து பிரிந்து வளர்ந்த மரியாடிபியைத்தான் கூடவே தருகிறது. உங்கள் வேலைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பிழைச் செய்தியை வைத்துத் தீர்வு தேடும்போது மைஎஸ்க்யூஎல் 8-க்கு எழுதிய பதிலை அப்படியே போட்டுப் பார்த்துக் குழம்பாதீர்கள். செலக்ட் வெர்ஷன் என்று கேட்டால் அதுவே தன் பெயரைச் சொல்லும்.

சரி, இப்போது பாக்கிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது கேள்விக்குறியும் இல்லை, கரண்டும் இல்லை; "இரண்டால் வகுத்துக் காட்டுகிறேன்" என்ற வரிதான்.

அந்த 90 மூட்டைக்காரர் மூன்று நடை நெல் போட்டிருப்பார், இரண்டு தடவை பணம் வாங்கியிருப்பார் என்று நோட்டைப் பார்க்காமலே சொல்கிறேன். 32, 28, 30 என்று மூன்று நடை, 40,000, 25,000 என்று இரண்டு பட்டுவாடா என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் டேபிளையும் பட்டுவாடா டேபிளையும் விவசாயி எண்ணை வைத்து ஒரே க்வெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில்) இணைக்கிறீர்கள். எந்த நடைக்கு எந்தப் பணம் என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் அப்பா அப்படிக் கொடுக்கவில்லை. 'இந்தா, இப்போதைக்கு வைத்துக்கொள்' என்று கொடுத்திருப்பார். ஆக, டேட்டாபேஸ் ஒவ்வொரு நடையையும் ஒவ்வொரு பணத்தோடும் சேர்த்து வைக்கிறது. மூன்றை இரண்டால் பெருக்கி ஆறு வரி. அந்த ஆறு வரியில் ஒவ்வொரு நடையும் இரண்டு தடவை நிற்கும், எனவே 180 மூட்டை. ஒவ்வொரு பணமும் மூன்று தடவை நிற்கும், எனவே 1,95,000. டேட்டாபேஸ் ஒரு தப்பும் செய்யவில்லை. நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்தது.

இப்போது இரண்டால் வகுப்பதைப் பாருங்கள். நாளைக்கு அவர் பொங்கல் செலவுக்கு என்று வந்து மூன்றாவது தடவையாகப் பத்தாயிரம் வாங்கிப் போனால் ஒன்பது வரி ஆகிவிடும். மூட்டை 270. இரண்டால் வகுத்தால் 135. நெல்லே வராமல் 45 மூட்டை ஏறிவிட்டது! ஒரே நடை, ஒரே பணம் என்று முடித்தவர்களுக்கு மட்டும் கணக்குச் சரியாக வரும். நீங்கள் 'சிலருக்குச் சரி' என்றது அவர்களைத்தான். அவர்கள் கணக்கை இரண்டால் வகுத்தால் பாதி நெல் காணாமல் போகும். பெயரே வராதவர்கள் யார் என்றால், நெல் போட்டுவிட்டு இன்னும் ஒரு பைசாகூட வாங்காதவர்கள். வெறும் ஜாயின் இரண்டு பக்கமும் ஆள் இருந்தால்தான் வரி கொடுக்கும். பட்டுவாடா டேபிளில் அவர்களுக்கு வரி இல்லை, அதனால் மொத்தமாகவே விழுந்துவிட்டார்கள். பாக்கிப் பட்டியலில் முதலில் இருக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே!

இதற்கு யாராவது 'சம் போடும் இடத்தில் டிஸ்டிங்க்ட் சேர்த்துவிடு' என்று சொல்வார்கள். ஒரே எண் திரும்ப வந்தால் ஒரு தடவை மட்டும் கூட்டு என்று அதற்குப் பொருள். உங்கள் 90 மூட்டைக்காரருக்கு அது அழகாக வேலை செய்யும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். அடுத்தவர் மூன்று நடையிலும் முப்பது முப்பதாகவே போட்டிருந்தால்? ஒரே எண் என்று இரண்டைத் தூக்கி எறிந்துவிட்டு 30 மூட்டை என்று காட்டும். டிராக்டர் டிப்பரில் வரும் நெல்லில் ஒரே எண்ணிக்கை திரும்பத் திரும்ப வருவது சகஜம்.

சரியான வழி உங்கள் அப்பாவின் பேரேட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு விவசாயிக்கும் இடப்பக்கம் நெல் வரவு, வலப்பக்கம் பணப் பற்று என்று எழுதியிருப்பார். இடப்பக்கத்தைத் தனியாகக் கூட்டுவார், வலப்பக்கத்தைத் தனியாகக் கூட்டுவார், அப்புறம்தான் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பார். ஒவ்வொரு நடையின் பக்கத்திலும் எல்லாப் பணத்தையும் எழுதிப் பார்த்துவிட்டுக் கூட்ட மாட்டார். நீங்களும் அதையே செய்யுங்கள். கொள்முதல் டேபிளை மட்டும் எடுத்து விவசாயி எண்ணுக்கு குரூப் பை போட்டு (ஆள்வாரியாகச் சேர்த்து) மொத்தம் எடுங்கள். இப்போது ஆளுக்கு ஒரு வரிதான். பட்டுவாடாவையும் அப்படியே. இந்த இரண்டையும் சப்க்வெரியாக (க்வெரிக்குள் க்வெரியாக) வைத்து, விவசாயி டேபிளில் இருந்து தொடங்கி இரண்டுக்கும் லெஃப்ட் ஜாயின் (மறுபக்கம் வரி இல்லாவிட்டாலும் ஆளை விடாத ஜாயின்) போடுங்கள். ஆளுக்கு ஒரு வரி, ஆளுக்கு ஒரு வரி, ஆளுக்கு ஒரு வரி. பெருகுவதற்கு வழியே இல்லை.

லெஃப்ட் ஜாயின் போட்டவுடன் பணம் வாங்காதவர்கள் திரும்பி வருவார்கள். ஆனால் அவர்கள் வாங்கிய தொகை நல் என்று இருக்கும். நல் என்பது பூஜ்யம் இல்லை, 'தெரியாது'. எதிலிருந்து நல்லைக் கழித்தாலும் விடை நல்தான், பாக்கி இடம் வெறுமையாகக் காட்டும். எனவே அந்த ஃபீல்டையும் நெல் தொகை ஃபீல்டையும் கோயலெஸ் என்ற ஃபங்ஷனுக்குள் வைத்து, நல் வந்தால் 0 என்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 'தை மாதம் மட்டும்' போன்ற தேதி வடிகட்டலை சப்க்வெரிக்கு உள்ளே போடுங்கள். வெளியே வேர் என்ற நிபந்தனைப் பகுதியில் பட்டுவாடாத் தேதியை வைத்துக் கேட்டால் நல் வரிகள் எல்லாம் அடிபட்டு, லெஃப்ட் ஜாயின் போட்டதே வீணாகும்.

தொகையைக் கணக்கிடும்போது மொத்த மூட்டையை ஏதோ ஒரு விலையால் பெருக்காதீர்கள். ஈரம் பார்த்து நடைக்கு நடை அப்பா விலையைக் குறைத்திருப்பார். ஒவ்வொரு வரியிலும் எடையையும் அந்த நடையின் விலையையும் பெருக்கி, பிறகு கூட்டுங்கள். 'மூட்டை' என்று மட்டும் ஒரு ஃபீல்டு வைத்திருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. அரசுக் கொள்முதல் நிலையத்தில் மூட்டை என்றால் 40 கிலோ, வியாபாரியிடம் பெரும்பாலும் 60 கிலோ. உங்கள் அப்பாவுக்கு எது எந்த மூட்டை என்று தெரியும், டேபிளுக்குத் தெரியாது. மூட்டை எண்ணிக்கை, கிலோ இரண்டையும் தனித்தனி ஃபீல்டில் வையுங்கள். கிலோவும் ரூபாயும் டெசிமல் வகையாக இருக்கட்டும், ஃப்ளோட் வேண்டாம். ஃப்ளோட்டில் பைசாக்கள் மெல்ல மெல்ல நழுவும்.

கேள்விக்குறிக்கு வருகிறேன். எக்ஸெல்லில் வெறும் சிஎஸ்வி (காற்புள்ளி போட்டுப் பிரித்த எழுத்து ஃபைல்) என்று சேமித்திருப்பீர்கள். அந்த நொடியிலேயே தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாக மாறிவிட்டது. டேட்டாபேஸ் பாவம், அதற்கு வந்ததை வாங்கி வைத்தது. அந்த சிஎஸ்வி ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள், அங்கேயே கேள்விக்குறி இருந்தால் விஷயம் உறுதி. மூல எக்ஸெல் ஃபைலில் தமிழ் பத்திரமாக இருக்கும். அதை சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்ற தேர்வில் சேமித்து மறுபடி ஏற்றுங்கள். நோட்பேடில் தமிழ் நன்றாகத் தெரிந்தால் குற்றம் டேபிளில் அல்லது கனெக்‌ஷனில். ஷோ கிரியேட் டேபிள் கொடுத்து லேட்டின்1 (தமிழ் அடங்காத பழைய எழுத்துத் தொகுதி) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டேபிள், கனெக்‌ஷன் இரண்டையும் யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள்.

வெறும் யூடிஎஃப்8 போதாதா என்று கேட்பீர்கள். மைஎஸ்க்யூஎல் பழக்கத்தில் அந்தப் பெயருக்கு அதிகபட்சம் மூன்று பைட் என்று பொருள். நாம் எழுதும் தமிழ் எழுத்துகள் எல்லாம் மூன்று பைட்டில் அடங்கும், எனவே பல வருஷம் யாருக்கும் தெரியாமலே ஓடும். ஒருநாள் யாராவது குறிப்பில் ஒரு எமோஜி போட்டால் நிற்கும். நம் ஊருக்கு இன்னொரு வேடிக்கை: நெல், குறுணி, பதக்கு, வேலி ஆகியவற்றுக்குப் பழைய கணக்குப்பிள்ளைகள் போட்ட குறிகள் 2019-இல் யூனிகோடில் சேர்ந்தன. அவற்றுக்கும் நான்கு பைட் வேண்டும். உங்கள் தாத்தா காலத்துப் பேரேட்டை ஏற்ற நினைத்தால் பழைய யூடிஎஃப்8 தாங்காது.

கேள்விக்குறியாக ஆனது ஆனதுதான், மீளாது. ஆனால் சில சமயம் கேள்விக்குறிக்குப் பதில், தலையில் கோடு போட்ட சின்ன 'ஏ' எழுத்தும், பதிவு பெற்ற வணிகப் பெயருக்குப் போடுவார்களே வட்டத்துக்குள் 'ஆர்', அதுவும் திரும்பத் திரும்ப வரும். அது கெட்டதுபோல் தெரிந்தாலும் நல்ல செய்தி. தமிழின் பைட்டுகள் உள்ளே அப்படியே இருக்கின்றன, பெயர்ப்பலகைதான் தப்பு. இங்கே டேபிளின் எழுத்து வகையை மாற்றும் கன்வர்ட் டு என்று ஆல்டர் கட்டளை கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன். டெல்டாவிலேயே ஓர் அலுவலகத்தில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், உறுப்பினர் பெயர்கள் முழுவதையும் அந்தக் கிறுக்கலாகவே நிரந்தரமாக்கிவிட்டு, சாயங்காலம் வரை என்ன செய்தேன் என்றே புரியாமல் உட்கார்ந்திருந்தேன். பேக்கப் இருந்ததால் தப்பித்தேன். அந்த ஃபீல்டை முதலில் வர்பைனரி வகைக்கு மாற்றி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 எழுத்து வகைக்கு மாற்ற வேண்டும். நடுவில் பைனரியாகப் போகும்போது பைட்டுகளை யாரும் மொழிபெயர்க்க மாட்டார்கள்.

ஸ்ரீவாஞ்சியம் இரண்டாக நிற்பதற்குக் காரணம் வேறு. யூனிகோடில் ஸ்ரீ என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: 'ஸ' எழுத்தை வைத்து ஒன்று, 2005-இல் சேர்ந்த 'ஶ' எழுத்தை வைத்து இன்னொன்று. திரையில் பெரும்பாலும் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு வேறு ஊர். செல்போனில் ஒருவரும் கணினியில் ஒருவரும் அடித்திருப்பீர்கள். இரண்டு பெயர்களையும், உள்ளே இருக்கும் பைட்டுகளைக் காட்டும் ஹெக்ஸ் ஃபங்ஷனுக்குள் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பல்லிளிக்கும். ரீப்ளேஸ் போட்டு ஒன்றாக்குங்கள். அதோடு ஊருக்குத் தனியாக ஒரு டேபிள் வைத்து, பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்துவிடுங்கள். ஊர்ப் பெயரை ஆளாளுக்குத் தட்டச்சு செய்யவிட்டால் ஸ்ரீயோடு நிற்காது. ஒருவர் திருவாரூர் என்பார், ஒருவர் ஆரூர் என்பார்.

எடைமேடைக் கணினி விஷயம் எளிது. கரண்ட் போய் வந்தவுடன் ரௌட்டர் உங்கள் சர்வருக்கு வேறு ஐபி முகவரி கொடுத்துவிடுகிறது. எடைமேடை பழைய முகவரியைத் தட்டிக்கொண்டிருக்கிறது. ரௌட்டர் அமைப்புக்குள் போய் அந்தக் கணினிக்கு ஒரே முகவரியை ஒதுக்கி வையுங்கள். அதற்குப் பிறகும் 2003 வந்தால் அடைப்புக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 10061 என்றால் கணினி இருக்கிறது, மைஎஸ்க்யூஎல் ஓடவில்லை அல்லது பைண்ட் அட்ரஸ் 127.0.0.1 என்று, அதாவது அதே கணினியில் இருந்து மட்டும் சேரும்படி, இருக்கிறது. 10060 என்றால் பெரும்பாலும் ஃபயர்வால் தடுக்கிறது. 1130 அல்லது 1045 வந்தால் நெட்வொர்க் சரியாகிவிட்டது என்று மகிழுங்கள். யூசர் பெயரிலோ பாஸ்வேர்டிலோதான் சிக்கல். மைஎஸ்க்யூஎல்லுக்கு லோக்கல்ஹோஸ்டில் இருந்து வரும் யூசரும் எடைமேடையில் இருந்து வரும் அதே பெயர்காரரும் வேறு வேறு ஆட்கள். எடைமேடைக்கு என்று ஒரு யூசரை, உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும், கொள்முதல் டேபிளில் எழுதும் உரிமையோடு மட்டும் உண்டாக்குங்கள். ஸாம்ப்பில் ரூட் என்ற தலைமை யூசருக்கு ஆரம்பத்தில் பாஸ்வேர்டே கிடையாது, அதை இன்றைக்கே போடுங்கள். 3306-ஐ இணையத்துக்குத் திறந்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

மெதுவாக இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. சம்பா அறுவடை வந்தால் எழுதுவீர்கள். கொள்முதல், பட்டுவாடா இரண்டிலும் விவசாயி எண்ணுக்கும் தேதிக்கும் இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவும் அட்டவணை) போட்டு வைத்துவிடுங்கள். தேதியை எழுத்தாகச் சேமித்திருந்தால் டேட் வகைக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் 05-02 என்பது 14-01-க்கு முன்னால் வந்து உட்காரும்.

பேக்கப்புக்கு, ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா ஃபோல்டரைக் காப்பி எடுப்பது உதவாது. தினமும் கடை மூடும்போது மைஎஸ்க்யூஎல்டம்ப்பை சிங்கிள் டிரான்ஸாக்‌ஷன் தேர்வோடு ஓட்டி, ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் எத்தனை கூரை போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எடுத்த டம்ப்பை மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் ஏற்றிப் பாருங்கள். சர்வருக்கு ஒரு யூபிஎஸ் வாங்குங்கள், செலவு பெரிதில்லை.

அப்பா நோட்டை விட வேண்டாம், இந்த சம்பா முடியும் வரையாவது எழுதட்டும். உங்களுக்கு அதைவிட நல்ல சோதனைத் தரவு கிடைக்காது. பேரேட்டில் இருந்து ஐந்து பேரை எடுங்கள்: பணமே வாங்காதவர் ஒருவர், ஒரு நடை ஒரு பணம் என்று முடித்தவர் ஒருவர், மூன்று நடையும் ஒரே எண்ணிக்கையில் போட்டவர் ஒருவர், நெல் வருவதற்கு முன்பே முன்பணம் வாங்கியவர் ஒருவர், அப்புறம் அந்த 90 மூட்டைக்காரர். புதிய க்வெரியின் விடையை இந்த ஐவரின் பக்கங்களோடு வைத்து அப்பா முன்னாலேயே ஒத்துப் பாருங்கள். முன்பணக்காரருக்கு நெல் இன்னும் வராவிட்டால் பாக்கி மைனஸில் வரும், அது சரிதான். வேறு யாருக்காவது ஒத்துப்போகவில்லை என்றால், அவருடைய நடைகளையும் பட்டுவாடாக்களையும் அப்படியே எழுதி அனுப்புங்கள்.